மனிதவள மேலாண்மை படிக்கப் போகிறீர்களா? வீட்டில் இருக்கும் ஒரு சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்

பி.பி.ஏ. சேர்ந்த புதிதில் சீனியர்கள் சொல்வார்கள்: அக்கவுண்ட்ஸ் கஷ்டம், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அதைவிடக் கஷ்டம், எச்.ஆர். (மனிதவளம்) மட்டும் லேசு. பரீட்சைக்கு முந்தின நாள் புரட்டினால் போதும், கதை எழுதிவிட்டு வந்துவிடலாம். நானும் அதை நம்பித்தான் படித்தேன். நல்ல மார்க்கும் வந்தது.

படிப்பு முடிந்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் பார்க்கும் டைம் ஆபீஸில் சேர்ந்தேன். முதல் வாரமே தையல் பிரிவில் இருந்து ஓர் அக்கா வந்தார். "தம்பி, என் பி.எஃப். பணம் ரெண்டு தடவ ரிஜெக்ட் ஆயிடுச்சு. பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். என்னன்னு பாருங்க" என்று நாலாக மடித்த தாளை நீட்டினார். அந்தத் தாளில் இருந்த ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை. சீனியரிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆதாரில் அக்காவின் பெயருக்கு இனிஷியலே இல்லை. பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதிப் பதிவில் அப்பாவின் இனிஷியல் இருந்தது. வங்கிக் கணக்கில் கணவரின் இனிஷியல். மூன்றும் ஒரே பெண்தான் என்று அந்தக் கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? கம்பெனியும் தொழிலாளியும் சேர்ந்து கொடுக்கும் ஜாயின்ட் டிக்ளரேஷன் வழியாகப் பெயரைத் திருத்தி, பணம் கைக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. சேர்ந்த அன்றே டைம் ஆபீஸில் ஒருவர் மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அந்த அலைச்சலே இருந்திருக்காது.

மனிதவளம் என்பது பேச்சுத் திறமை சம்பந்தப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவருடைய காகிதம், காசு, மரியாதை, இந்த மூன்றும் பிசகாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலை. பாடத்தையும் அந்தக் கண்ணோடு படித்தால் பரீட்சையும் லேசாகும், பிறகு வேலையிலும் திணற மாட்டீர்கள். எங்கே ஆரம்பிப்பது, எதில் நேரம் செலவிடுவது என்று எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் பாடத்திட்டம்

மனிதவள மேலாண்மைத் தாள் பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் வரும். எந்தப் பல்கலைக்கழகமானாலும் அடிப்படை ஒன்றுதான்: மனிதவளத் திட்டமிடல், பணிப் பகுப்பாய்வு, ஆள்சேர்ப்பு, தேர்வு, பயிற்சி, செயல்திறன் மதிப்பீடு, ஊதியம், தொழிலுறவு. 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ. படிப்புகள் ஏ.ஐ.சி.டி.இ.யின் (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கழகம்) கீழ் வந்திருக்கின்றன. அதனால் உங்கள் சீனியரின் நோட்ஸும் உங்கள் பாடத்திட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய நோட்ஸை வாங்குவதற்கு முன் உங்கள் கல்லூரித் தளத்தில் இருக்கும் பாடத்திட்டத்தை பிரிண்ட் எடுத்து, நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.

சம்பளச் சீட்டு

இதை வகுப்பு தொடங்கும் முன்பே செய்யலாம். வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், சித்தி என்று யாராவது கம்பெனி வேலையில் இருந்தால் ஒரு மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். யாரும் இல்லையென்றால் நான் கீழே சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி 3,600. இதர படிகள் 2,400. மொத்தம் 18,000. இதில் பி.எஃப். பிடித்தம் அடிப்படை, பஞ்சப்படி மீது 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். கம்பெனியும் அதே 1,440 கட்ட வேண்டும். ஆனால் கம்பெனி கட்டுவது முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போவதில்லை. 8.33 சதவீதம், இங்கே சுமார் 1,000 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மீதி 440 தான் பி.எஃப்.பில் சேரும். "நான் கட்டுனது இவ்ளோ, கம்பெனி கட்டுனது மட்டும் கம்மியா காட்டுதே, ஏமாத்துறாங்களா?" என்று பாஸ்புக்கைப் பார்த்துவிட்டுக் கேட்காத தொழிலாளி இல்லை. இந்த ஒரு கேள்விக்குப் பொறுமையாக, காகிதத்தில் போட்டுக் காட்டிப் பதில் சொல்லத் தெரிந்தவரை அந்தப் பிரிவு முழுக்க நம்பும்.

அடுத்தது இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு உண்டு. தொழிலாளி 0.75 சதவீதம், நிர்வாகம் 3.25 சதவீதம். 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட விகிதம் இது. பழைய புத்தகங்களில் 1.75, 4.75 என்று இருக்கும், அதை எழுதி மார்க்கை விடாதீர்கள். இந்தச் சின்னப் பிடித்தத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் படியுங்கள்: குடும்பத்துக்கு மருத்துவம், நோய்வாய்ப்பட்டால் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம், பேறுகாலத்தில் 26 வாரம். பிடித்தத்தைப் பற்றி மட்டும் தெரிந்து பலனைப் பற்றித் தெரியாமல் எத்தனையோ பேர் தனியார் ஆஸ்பத்திரியில் கடன் வாங்கிக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். சேர்ந்த அன்றே இ.எஸ்.ஐ. அட்டையைக் கையில் கொடுத்து, எந்த டிஸ்பென்சரி என்று சொல்லி அனுப்புவதும் மனிதவள மேலாண்மைதான். புத்தகத்தில் இதற்கு 'இன்டக்ஷன்' என்று பெயர்.

பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, பரீட்சையில் கணக்காகவும் வரும். கடைசியாக வாங்கிய அடிப்படை, பஞ்சப்படியை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 12,000 ரூபாய், பத்து ஆண்டு என்றால் 69,231 ரூபாய். ஏன் 26 என்று கேளுங்கள். மாதத்தில் வார விடுமுறை போக 26 வேலை நாள். ஆக ஒரு நாள் கூலி என்ன என்று கண்டுபிடித்து, வருடத்துக்கு 15 நாள் கூலி என்று கொடுக்கிறோம். காரணம் தெரிந்துவிட்டால் சூத்திரம் மறக்காது. போனஸுக்கு 8.33 சதவீதம் என்பதும் அப்படித்தான்: பன்னிரண்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அது குறைந்தபட்சம், உச்சவரம்பு 20 சதவீதம். தீபாவளிக்கு முந்தைய பேச்சுவார்த்தை முழுக்க இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடக்கும்.

பழைய சட்டம், புதிய தொகுப்பு

இப்போது படிப்பவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக மாற்றினார்கள்: ஊதியத் தொகுப்பு 2019, தொழிலுறவுத் தொகுப்பு, சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, பணிப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் தொகுப்பு ஆகிய மூன்றும் 2020. இவை 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. நூலகத்தில் இருக்கும் புத்தகங்களோ 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டம், 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் என்றே பேசும். உங்கள் ஆசிரியர் எதைக் கேட்பார் என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள். என் யோசனை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் படிப்பது. நிலையாணைகள் (கம்பெனியின் எழுத்துபூர்வமான பணி விதிகள்) கட்டாயம் என்பது பழைய சட்டத்தில் 100 தொழிலாளர்களுக்கு, புதியதில் 300. தொழிலாளர் நலனைக் கவனிக்கும் நல அலுவலர் பழையதில் 500 பேருக்கு, புதியதில் 250. குறித்த காலத்துக்கு நியமிக்கப்பட்டவருக்கு ஐந்து ஆண்டு காத்திராமல் ஓராண்டிலேயே பணிக்கொடை. எல்லாவற்றையும்விட முக்கியமானது 'ஊதியம்' என்ற சொல்லின் வரையறை: படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்காகும். அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்து, மீதியைப் படிகளாகப் பிரித்து, பி.எஃப்., பணிக்கொடையைக் குறைக்கும் பழக்கத்தின் மேல் கைவைக்கும் வரி இது. முன்பு சொன்ன 18,000 ரூபாய்க்காரரின் அடிப்படை 6,000 மட்டும் என்று மாற்றி, பிடித்தம் என்னவாகும் என்று போட்டுப் பாருங்கள்; அந்த வரியின் கனம் புரியும்.

ஒரு சொல் விஷயமும் இங்கேயே. ஐ.டி. கம்பெனியில் ஆளை அனுப்பினால் செய்திகளில் 'லே-ஆஃப்' என்கிறார்கள். சட்டத்தில் லே-ஆஃப் என்றால் கரண்ட் இல்லை, நூல் வரவில்லை, மெஷின் பழுது போன்ற காரணங்களால் தற்காலிகமாக வேலை தர முடியாத நிலை. ஆள் வேலையில்தான் இருக்கிறார், தகுதியுள்ளவருக்குப் பாதிச் சம்பளம் உண்டு. நிரந்தரமாக அனுப்புவதற்கு ஆட்குறைப்பு என்று பெயர்; பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. பேச்சுவழக்கை விடைத்தாளில் எழுதினால் மார்க் போகும்.

ஒரு ஜவுளிக்கடையில் அரை மணி நேரம்

பணிப் பகுப்பாய்வு என்ற பாடத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். தி.நகரோ, மதுரை விளக்குத்தூண் பக்கமோ, உங்கள் ஊர்க் கடைத்தெருவோ, ஒரு ஜவுளிக்கடைக்குப் போய் புடவைப் பிரிவில் அரை மணி நேரம் நில்லுங்கள். விற்பனை செய்யும் பெண் என்னென்ன செய்கிறார் என்று எழுதுங்கள். புடவையை விரிக்கிறார், மடிக்கிறார், மேல் அடுக்கிலிருந்து எடுக்கிறார், விலை சொல்கிறார், "இதே டிசைன்ல வேற கலர் இருக்கா?" என்பதற்கு ஸ்டாக்கை நினைவிலிருந்து சொல்கிறார், பில் போடும் இடத்துக்கு அனுப்புகிறார். இது பணி விவரம். இதைச் செய்ய ஒருவருக்கு என்ன வேண்டும் என்று எழுதினால் அது பணித் தகுதி விவரம்: நினைவாற்றல், நிறம் பிரித்தறியும் கண், பொறுமை, நீண்ட நேரம் நிற்கும் உடல். வகுப்பில் இரண்டுக்கும் வேறுபாடு கேட்டால் இனி உங்களுக்குக் குழப்பம் வராது.

கடைசியாக எழுதிய 'நீண்ட நேரம் நிற்கும் உடல்' என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். அது உண்மையிலேயே அந்த வேலைக்குத் தேவையா, அல்லது உட்கார நாற்காலி போடாததால் வந்த தேவையா? இந்தக் கேள்வியைத்தான் 2021இல் தமிழகச் சட்டமன்றம் எடுத்துக்கொண்டது. 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்வதற்கு இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். வெரிகோஸ் நரம்பு புடைத்த காலோடு வீடு திரும்பும் பெண்களுக்காக வந்த திருத்தம் அது. நீங்கள் போகும் கடையில் ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். செமினாருக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

தேர்வு, பயிற்சி, மதிப்பீடு

இவை படித்தாலே புரிகிற பாடங்கள். நேர்காணலுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, ஒரே வேலைக்கு, எல்லோரிடமும் ஒரே ஐந்து கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு மார்க் போட்டுப் பாருங்கள். மறுநாள் கேள்வியே தயாரிக்காமல் அரட்டை மாதிரிக் கேட்டு மார்க் போடுங்கள். இரண்டாவது முறையில் உங்களுக்குப் பிடித்தவருக்கே மார்க் போயிருக்கும். பயிற்சிக்கு கிர்க்பேட்ரிக்கின் நான்கு நிலை போதும்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, கம்பெனிக்குப் பலன் வந்ததா. மதிப்பீட்டில் ஹேலோ விளைவு (ஒரு நல்ல குணத்தைப் பார்த்து எல்லாவற்றிலும் நல்ல மார்க் போடுவது), எல்லோருக்கும் நடுமார்க் போடும் பழக்கம், கடைசி மாதத்தை மட்டும் நினைவில் வைக்கும் பிழை ஆகிய மூன்றும் கட்டாயம் கேட்கப்படும்.

தொழிலுறவு: நம் ஊர்க் கதையாகப் படியுங்கள்

புத்தகங்கள் இந்தப் பாடத்தைச் சிகாகோ பக்கம் நடந்த ஹாதார்ன் ஆலை ஆய்வுகளோடும் (1924-32), அவற்றோடு பேர் சேர்ந்த ஆய்வாளர் எல்டன் மேயோவோடும் சேர்த்துச் சொல்லும். அதைப் படியுங்கள். ஆனால் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில், 1918 ஏப்ரல் 27இல் பிறந்தது என்பதை எத்தனை மாணவர்கள் எழுதுகிறார்கள்? பக்கிங்காம் அண்ட் கர்னாட்டிக் மில் தொழிலாளர்கள்தான் அதன் அடித்தளம். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோர் அதைக் கட்டியவர்கள். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதும் அந்தத் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று. பிறகு மில் நிர்வாகம் நீதிமன்றம் போய் சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்துவதே சட்ட ஆபத்து என்றால் என்ன செய்வது என்ற கேள்வி அங்கிருந்து எழுந்து, தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷியின் முயற்சி வழியாக 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது. காரணத்தோடு சேர்த்துப் படித்தால் ஆண்டு தானாக நிற்கும்.

நம் காலத்து நிகழ்வுகளையும் சேருங்கள். 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. சங்கத்தைப் பதிவுசெய்வதும் அங்கீகரிப்பதும் அதில் மையப் பிரச்சினையாக இருந்தன. இரு தரப்பு அறிக்கைகளையும் செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டி, நீங்கள் எச்.ஆர். நாற்காலியில் இருந்தால் முதல் வாரத்தில் என்ன செய்திருப்பீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தை நீங்களே படித்துப் பாருங்கள்.

2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம், அதன் தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். உங்கள் கல்லூரியிலும் இந்தக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களின் பெயர்ப் பலகை எங்கே மாட்டியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

இன்டர்ன்ஷிப், புராஜெக்ட்

'ஊழியர்களின் பணித் திருப்தி: ஓர் ஆய்வு' என்ற தலைப்பைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். நூறு பேரிடம் கொடுத்த கேள்வித்தாளில், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது, யார்தான் 'திருப்தி இல்லை' என்று டிக் அடிப்பார்? அதைவிடச் சின்னக் கேள்வியாக எடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் முதல் 30 நாளுக்குள் எத்தனை பேர் வேலையை விட்டு நின்றார்கள், எந்தப் பிரிவில், எந்தக் கிழமையில்? பதிவேட்டை வைத்தே சொல்லிவிடலாம். வெளியேற்ற விகிதத்துக்குக் கணக்கு சுலபம்: ஆண்டுத் தொடக்கத்தில் 200 பேர், முடிவில் 180, சராசரி 190. நின்றவர்கள் 38 என்றால் 20 சதவீதம். நான் பார்த்த யூனிட்டில் சம்பளத்துக்கு மறுநாள் நின்றவர்கள்தான் அதிகம். விசாரித்தால், சேர்க்கும்போது ஏஜென்ட் சொன்ன தொகையும் கையில் வந்த தொகையும் வேறு வேறு.

போகும் முன் எக்செல் கற்றுக்கொள்ளுங்கள். வி-லுக்கப்பும் பிவட் டேபிளும் தெரிந்தால், முதல் நாளே வருகைப் பதிவை உங்களிடம் கொடுப்பார்கள்; அது வந்துவிட்டால் ஓ.டி., லீவு, சம்பளம் எல்லாம் பின்னாலேயே வரும். திருப்பூர், கோவை, ஓசூர் பக்கம் வேலை செய்ய நினைப்பவர்கள் இந்தியில் நாலு வாக்கியமாவது பேசப் பழகுங்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையனுக்குக் காய்ச்சல் என்றால் அதை அவன் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏஜென்ட் வழியாக வந்தால் 'லீவு கேக்குறான்' என்றுதான் வரும். ஒருவர் சம்பளத்தை இன்னொருவரிடம் சொல்லாதீர்கள், டீக்கடையில்கூட. அந்த நம்பிக்கை ஒருமுறை போனால் திரும்பி வராது.

டிகிரிக்குப் பிறகு

பி.பி.ஏ.வோடு கிடைக்கும் முதல் வேலை அனேகமாக ஆள்சேர்ப்பு போன் கால்களோ, எச்.ஆர். உதவியாளரோ, சம்பளப் பிரிவோதான். என்னைக் கேட்டால் சம்பளப் பிரிவு. அங்கே சட்டமும் கணக்கும் ஒன்றாகக் கைக்கு வரும். மேலே படிக்க எம்.பி.ஏ. மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். சென்னையில் தமிழக அரசின் தொழிலாளர் கல்வி நிலையத்தில் தொழிலாளர் மேலாண்மைக்கென்றே படிப்புகள் உண்டு. எழும்பூரில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் மனிதவள முதுகலை இருக்கிறது. அகில இந்திய அளவில் மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகமும், ஜம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யும் இந்தத் துறைக்குப் பேர்போனவை. நல அலுவலர் ஆக விருப்பம் இருந்தால் அதற்கு விதிகளில் குறிப்பிட்ட கல்வித் தகுதி கேட்கப்படும்; முதுகலையில் சேரும் முன்பே அந்தப் படிப்பு அதற்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் முதல் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கைக்கு வரும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை ஒரு எச்.ஆர். மாணவராகவே படியுங்கள். மொத்தத்தில் அடிப்படை எவ்வளவு, நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் ஒன்றா, ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்கிறார்களா, வேலைக்கென்று டெபாசிட் பணம் கேட்கிறார்களா. கடைசி இரண்டில் எது இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், யு.ஏ.என்., அதாவது உங்கள் பி.எஃப். கணக்கு எண் வந்த அன்றே அதன் இணையதளத்துக்குள் போய் உங்கள் பெயரைப் பாருங்கள். ஆதாரில் இருப்பது போலவே, இனிஷியல், புள்ளி உட்பட, அப்படியே இருக்க வேண்டும்.